அட்ரினலின் கால்சியம் கரண்ட்டை கூட்டுது, அப்புறம் ஆக்‌ஷன் பொடென்ஷியல் ஏன் சுருங்குது? நீளணும்ல?

துடிப்பு_மலர்:

எல்லாருக்கும் வணக்கம். பிசியாலஜி எம்எஸ்சி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஒரு வாரமா ஒரு விஷயம் மண்டைய குடைஞ்சிட்டே இருக்கு, கிளாஸ்ல கேட்டா புக்ல இருக்கு படின்னு சொல்லிட்டாங்க, புக்ல பார்த்தா ரெண்டே வரி, அதான் இங்க வந்தேன்.

நான் புரிஞ்சிகிட்டது இவ்ளோ தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இதய செல்லோட வோல்டேஜ் ஏறி இறங்குறது தான் ஆக்‌ஷன் பொடென்ஷியல். வென்ட்ரிக்கிள் (இதயத்தோட கீழ் அறை) செல்லுல மொதல்ல சோடியம் உள்ள பாயுது, வோல்டேஜ் ஒரே தாவா மேல போகுது. அப்புறம் கால்சியம் உள்ள வர்றதும் பொட்டாசியம் வெளிய போறதும் சரிக்கு சரியா இருக்கிறதால 200, 300 மில்லிசெகண்டுக்கு மேடு மாதிரி நிக்குது, அதை பிளாட்டோன்னு சொல்றோம். கடைசில கால்சியம் அடங்கி பொட்டாசியம் ஜெயிச்சு திரும்ப மைனஸ் 85 மில்லிவோல்ட் கிட்ட வந்து நிக்குது. இது வரைக்கும் சரி தானே?

இப்ப சிம்பதெட்டிக் நரம்பு (இதயத்தை வேகப்படுத்துறது) விடற நோர்அட்ரினலின், அதாவது அட்ரினலினோட சொந்தக்காரன், வருது. மேட்டை நிறுத்தி வைக்கிற அந்த கால்சியம் கரண்ட் (எல்-டைப்) ரெண்டு மூணு மடங்கு ஆகுதுன்னு எல்லா புக்லயும் இருக்கு. உள்ள வர்ற பிளஸ் சார்ஜ் கூடினா மேடு இன்னும் நேரம் நிக்கணும், ஆக்‌ஷன் பொடென்ஷியல் நீளணும். ஆனா ஓடும்போது ஈசிஜி எடுத்தா க்யூடி (வென்ட்ரிக்கிள் ஆக்‌ஷன் பொடென்ஷியல் எவ்ளோ நேரம்னு ஈசிஜில காட்டுற இடைவெளி) சுருங்குது. இது எப்படி?

ரெண்டாவது டவுட், அசிடைல்கோலின் கை கால் தசைய சுருங்க வைக்குது, இதயத்துக்கு வந்தா மட்டும் அடக்கி வைக்குது. ஒரே மாலிக்யூல் தானே? அதுவும் அசிடைல்கோலினை இதயத்துல விடற வேகஸ் நரம்பை தூண்டினா அடுத்த துடிப்புலயே ஸ்லோ ஆகிடுது, சிம்பதெட்டிக் மட்டும் நின்னு நிதானமா வேலை செய்யுது, இந்த வித்தியாசம் எங்கேர்ந்து வருது? யாராச்சும் கொஞ்சம் விரிவா சொன்னா நல்லா இருக்கும்.

பைப்பட்_காரன்:

நல்ல கேள்வி ம்மா. படிக்கிற காலத்துல நானும் இதே இடத்துல தான் மாட்டிகிட்டு நின்னேன். பன்னெண்டு வருஷமா பேட்ச் கிளாம்ப் ரிக் (கண்ணாடி பைப்பட்டால ஒரு செல்லோட கரண்ட்டை அளக்கிற கருவி) முன்னாடி உக்காந்திருக்கேன், கண்ணால பார்த்ததை வச்சே சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு மனசுல போட்டுக்கோ. நோர்அட்ரினலின் கால்சியம் சேனலை தொடறதே இல்ல. அது செல்லுக்கு வெளிய இருந்தபடியே பீட்டா-1 ரிசெப்டர்ல (சேதியை வாங்குற புரோட்டீன்) ஒட்டுது, உள்பக்கம் ஜிஎஸ் புரோட்டீன் கழண்டு போய் அடினைலில் சைக்ளேஸை முடுக்குது, அது ஏடிபியை சைக்ளிக் ஏஎம்பி ஆக்குது, சைக்ளிக் ஏஎம்பி பிகேஏ என்சைமை எழுப்பி விடுது, பிகேஏ போற இடத்துல எல்லாம் பாஸ்பேட்டை ஒட்டிட்டு போகுது. கால்சியம் சேனல் பக்கம் மட்டும் ஒட்டிட்டு திரும்பி வந்துடாது. ஐகேஎஸ்னு ஒரு மெதுவான பொட்டாசியம் கரண்ட் இருக்கு, அந்த சேனல்ல ஒட்டுது, சோடியம் பொட்டாசியம் பம்ப் பக்கத்துல உக்காந்திருக்கிற பாஸ்போலெம்மன்ல ஒட்டுது, செல்லுக்குள்ள இருக்கிற கால்சிய கிடங்கோட பம்புக்கு பிரேக் போட்டு வச்சிருக்கிற பாஸ்போலம்பான்ல ஒட்டுது, கிடங்குலேர்ந்து கால்சியத்தை வெளிய விடற ரயனோடின் ரிசெப்டர்லயும் ஒட்டுது. நீ கால்சியத்தை மட்டும் தனியா எடுத்து கணக்கு போட்டிருக்க, அதான் விடை நேர்மாறா வந்திருக்கு.

பிளாட்டோன்னு நீ சொன்ன மேட்டுல உள்ள வர்ற கரண்ட்டுக்கும் வெளிய போற கரண்ட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் ரொம்ப ரொம்ப கம்மி, தராசு முள்ளு நடுவுல நிக்கிற மாதிரின்னு வச்சிக்கோ. இந்த பக்கம் கொஞ்சம் கூட்டினாலே சாய்ஞ்சிடும். கால்சியம் கரண்ட் ஆரம்பத்துல பெருசா வந்து பிறகு தானா அடங்குற சாதி. ஐகேஎஸ் மெதுவா திறந்து பின்னாடி வலுக்கிற சாதி. பிகேஏ ரெண்டையும் கூட்டும்போது முன்பாதில கால்சியம் ஜெயிக்குது, மேடு இன்னும் உசரமா போகுது, அந்த உசரத்துலயே ஐகேஎஸ் இன்னும் வேகமா திறக்குது, பின்பாதில பொட்டாசியம் தள்ளி கீழ கொண்டாந்துடுது. ஆக மேடு உசரமாவும் குட்டையாவும் ஆகுது. கால்சியம் பக்கமும் ஒரு விஷயம் இருக்கு, உள்ள வந்த கால்சியமே கால்மோடுலின்னு ஒரு புரோட்டீன் வழியா அந்த சேனலை மூட வைக்கும், பீட்டா தூண்டல்ல கிடங்குலேர்ந்து வர்ற கால்சியமும் எக்கச்சக்கமா கூடுறதால அந்த மூடலும் சீக்கிரம் நடக்குது. சோடியம் பொட்டாசியம் பம்பும் வெளிப்பக்கம் கொஞ்சம் கூடுதல் கரண்ட் தள்ளுது. எல்லாம் சேர்ந்து தான் சுருக்கம்.

இது ஏன் இப்படி இருந்தே ஆகணும்னு கணக்கு போட்டு பாரு. நிமிஷத்துக்கு 60 துடிப்புன்னா ஒரு துடிப்புக்கு 1000 மில்லிசெகண்ட் இருக்கு, அதுல 300 போனாலும் ரத்தம் நிரம்ப 700 மிச்சம். 180 துடிப்புன்னா மொத்தமே 333 தான். ஆக்‌ஷன் பொடென்ஷியல் அப்பவும் 300 எடுத்துகிட்டா நிரம்பறதுக்கு எங்க நேரம்? வேகத்தை கூட்டுற சேதி எதுவோ அதே சேதி தான் ஒவ்வொரு துடிப்பையும் சுருக்கியும் தரணும், இல்லாட்டி வேகம் கூடி பிரயோஜனமே இல்ல. அதே பிகேஏ பாஸ்போலம்பானோட பிரேக்கை எடுத்து விடறதால கால்சியம் சட்டுனு கிடங்குக்குள்ள போய் தசை வேகமா தளர்றதும் இதுக்காகத்தான்.

இந்த ஐகேஎஸ் சேனல் கேசிஎன்க்யூ1, கேசிஎன்இ1னு ரெண்டு புரோட்டீன் சேர்ந்தது. அதோட வாலுல யோட்டியாவோன்னு ஒரு புரோட்டீன் ஒட்டிகிட்டு பிகேஏவை பக்கத்துலயே கட்டி வச்சிருக்கு, பாஸ்பேட்டை எடுக்கிற என்சைமையும் அங்கயே வச்சிருக்கு. ஒட்டறவனும் பிச்சு எடுக்கிறவனும் ஒரே திண்ணைல உக்காந்திருக்கிற மாதிரி. எனக்கு இதுல எப்பவும் ஒரு பிரமிப்பு உண்டு.

கால்சியம் சேனல் விஷயத்துல பழைய புக்கை அப்படியே எழுதிடாத. பிகேஏ சேனல்லயே நேரா பாஸ்பேட் ஒட்டி திறக்குதுன்னு ரொம்ப வருஷம் நம்பினோம். அந்த இடங்களை மாத்தி வச்ச எலிகள்ல பார்த்தா அப்பவும் கரண்ட் கூடிச்சு. 2020ல தான் தெளிவாச்சு, சேனல் பக்கத்துல ராட்னு ஒரு சின்ன புரோட்டீன் அதை அமுக்கி பிடிச்சிட்டு இருக்கு, பிகேஏ பாஸ்பேட் ஒட்டறது அந்த ராட்ல, ஒட்டினதும் அது பிடிய விட்டுடுது, சேனல் சுதந்திரமா திறக்குது. முடுக்கறதுன்னு நாம நினைச்சிட்டு இருந்தது பார்த்தா ஒரு பிரேக்கை எடுக்கறது.

நேர்ல பார்க்கிறப்ப இது எப்படி இருக்கும்னு சொல்றேன். மைக்ராஸ்கோப்புல செல் செங்கல் மாதிரி நீளமா, குறுக்க கோடு கோடா படுத்திருக்கும். பைப்பட்டை மெல்ல இறக்கி, லேசா வாயால உறிஞ்சி, சீல் பிடிச்சு உள்ள போனப்புறம் மைனஸ் 40லேர்ந்து 0 மில்லிவோல்ட்டுக்கு ஒரு படி குடுப்போம், ஸ்க்ரீன்ல கோடு கீழ ஒரு குழி விழுந்து மெதுவா மேல ஏறும், அந்த குழி தான் கால்சியம் கரண்ட். இப்ப ஐசோபிரினலின் (பீட்டா ரிசெப்டரை தூண்டுற மருந்து) 100 நானோமோலார் விடறோம். மொத அஞ்சாறு செகண்ட் ஒண்ணுமே நடக்காது, டியூப் அடைச்சிருக்கான்னு கை தன்னால போகும். அப்புறம் அடுத்த குழி கொஞ்சம் ஆழம், அதுக்கடுத்தது இன்னும் ஆழம், ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல போய் நின்னுடும். அந்த அஞ்சாறு செகண்ட் காத்திருப்புல தான் நான் மேல சொன்ன சங்கிலி மொத்தமும் நடக்குது. சிம்பதெட்டிக் ஏன் நிதானம்னு கேட்டல்ல, பாதி பதில் அங்கயே இருக்கு.

வேகஸ்_வழி:

மேல அண்ணன் அட்ரினலின் பக்கம் அருமையா சொல்லிட்டாரு, நான் அசிடைல்கோலின் பக்கம் வர்றேன், எனக்கு பிடிச்ச ஏரியா.

ஒரே மாலிக்யூல் தானேன்னு கேட்டிருக்கீங்க. சேதி ஒண்ணு தான், அதை வாங்கி படிக்கிறவங்க வேற. கை கால் தசைல இருக்கிறது நிகோடினிக் ரிசெப்டர், அது ரிசெப்டரும் சேனலும் ஒண்ணாவே இருக்கிற சாமான், அசிடைல்கோலின் ஒட்டினதும் அதே புரோட்டீன் திறந்து சோடியம் உள்ள பாயுது, தசை சுருங்குது. இதயத்துல இருக்கிறது மஸ்கரினிக் எம்2, அதுல ஓட்டையே கிடையாது, உள்பக்கம் ஜிஐ புரோட்டீனை கழட்டி விடுறது மட்டும் தான் அதோட வேலை.

இந்த சேதின்னு ஒண்ணு இருக்குன்னே முதல்ல நிரூபிச்சது ஓட்டோ லோவி, 1921ல, ரெண்டு தவளை இதயத்தை வச்சு. ஒரு இதயத்தோட வேகஸை தூண்டினாரு, அது ஸ்லோ ஆச்சு, அதை சுத்தி இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துல விட்டாரு, நரம்பே தூண்டப்படாத அதுவும் ஸ்லோ ஆச்சு. நரம்பு கரண்ட்டை நேரா கடத்தல, ஏதோ ஒரு ரசாயனத்தை விடுதுங்கிறது அதுலேர்ந்து தான் உறுதியாச்சு. 1936ல ஹென்றி டேல் கூட சேர்ந்து நோபல் வாங்கினாரு. ஒரு கண்ணாடி குழாயும் தவளையும் தான் கருவி, அதை நினைச்சா இப்பவும் எனக்கு சிலிர்க்கும்.

சரி, அந்த திரவம் ரெண்டாவது இதயத்துல என்ன செஞ்சுது? எம்2 ரிசெப்டர் ஜிஐயை ரெண்டா பிரிக்குது, ஆல்ஃபா ஒரு பக்கம், பீட்டா-காமா ஒரு பக்கம். பீட்டா-காமா செல்லோட தோல் மாதிரி இருக்கிற மெம்பிரேன்லயே வழுக்கிட்டு போய் பக்கத்துல இருக்கிற கிர்க்னு ஒரு பொட்டாசியம் சேனலை நேரா திறந்துடுது. நடுவுல சைக்ளிக் ஏஎம்பி இல்ல, பிகேஏ இல்ல, பாஸ்பேட் இல்ல. பொட்டாசியம் வெளிய போனா செல் இன்னும் மைனஸ் ஆகும், அடுத்த துடிப்புக்கு ஏற வேண்டிய தூரம் கூடும். அதான் அடுத்த துடிப்புலயே எஃபெக்ட். 1984ல ஒரு அழகான சோதனை பண்ணாங்க, பைப்பட்டோட வாய்க்கு உள்ள அசிடைல்கோலின் இருந்தா தான் அந்த வாய்க்குள்ள சிக்கின சேனல் திறக்குது, செல்லை சுத்தி வெளிய எவ்ளோ விட்டாலும் திறக்கல. செல்லுக்குள்ள நீந்தி போற தூதுவன் எவனும் இல்ல, மெம்பிரேனோட மெம்பிரேனா வேலை முடியுதுன்னு அதுலேர்ந்து தெரிஞ்சிது. திறக்கறது பீட்டா-காமா தான்னு 1987ல காட்டினாங்க, ஆல்ஃபாவா பீட்டா-காமாவான்னு அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் பெரிய சண்டையே நடந்துச்சு, கடைசில பீட்டா-காமா தான்னு நின்னுடுச்சு.

முடிக்கிற வேகமும் முக்கியம். அசிடைல்கோலினை உடைக்க எஸ்டரேஸ் என்சைம் நரம்பு முனைலயே காத்திட்டு இருக்கு, வந்த வேகத்துல காலி. நோர்அட்ரினலினை நரம்பு திரும்ப உறிஞ்சி எடுக்கணும், ஒட்டின பாஸ்பேட்டை எல்லாம் பிச்சு எடுக்கணும், அதுக்கு நேரம் ஆகும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் ஏறி விடும்போது இறங்குதே, அந்த அளவு வேகமா ஏத்தி இறக்க வேகஸால மட்டும் தான் முடியும்.

இன்னொண்ணு, ரொம்ப பேர் கவனிக்கிறதில்ல. துடிப்பை தொடங்கி வைக்கிற எஸ்ஏ நோட் செல்லுல ஐஎஃப்னு ஒரு கரண்ட் இருக்கு. பொதுவா சேனல்கள் வோல்டேஜ் மேல போனா திறக்கும், இது கீழ போனா திறக்கும், அதனால தான் கண்டுபிடிச்சவங்க விசித்திரம்னு பேர் வச்சாங்க. அட்ரினலின் இதயத்தை வேகப்படுத்துறதுக்கும் இந்த கரண்ட்டுக்கும் தொடர்பு இருக்குன்னு 1979ல காட்டினாங்க. அந்த சேனல் எச்சிஎன்4, சைக்ளிக் ஏஎம்பி அதுல நேரா போய் ஒட்டுது, பிகேஏவே வேணாம். ஒட்டினா சேனல் இன்னும் சுலபமா திறந்து, அடுத்த துடிப்பை நோக்கி வோல்டேஜ் ஏறுற சரிவு செங்குத்தா ஆகுது, துடிப்பு கூடுது. அசிடைல்கோலின் வந்தா ஜிஐயோட ஆல்ஃபா சைக்ளிக் ஏஎம்பியை குறைக்குது, சரிவு சாய்ஞ்சிடுது. கிர்க் திறக்கறதுக்கு வேண்டிய அளவுல இருபதுல ஒரு பங்கு அசிடைல்கோலினே ஐஎஃப்பை குறைக்க போதும்னு 1989ல முயல் செல்லுல காட்டியிருக்காங்க. அதனால லேசான வேகஸ் தூண்டலுக்கு ஐஎஃப் தான் பதில் சொல்லுது, பலமா தூண்டினா கிர்க் வருதுன்னு நான் எடுத்துக்கிறேன். கிடங்குலேர்ந்து கசியற கால்சியம் தான் துடிப்பை நடத்துதுன்னு சொல்ற இன்னொரு கட்சியும் இருக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளி விடுதுங்கிறது தான் என் அபிப்பிராயம்.

சும்மா உக்காந்திருக்கும்போது துடிப்பு 70 இருக்கே, அது எஸ்ஏ நோட்டோட சொந்த வேகம் இல்ல. மாற்று இதயம் வச்சவங்களுக்கு வேகஸ் அறுபட்டிருக்கும், அவங்களுக்கு சும்மா இருக்கும்போதே 90, 100க்கு மேல ஓடும். நாம ஓய்வா இருக்கிற நேரம் பூரா வேகஸ் கடிவாளத்தை பிடிச்சு இழுத்துட்டே தான் இருக்கு.

அறைக்குள்_அறை:

ரெண்டு பதிலும் நல்லா இருக்கு, ஒரு திருத்தம் மட்டும். சைக்ளிக் ஏஎம்பி கூடினா எல்லா இடத்துலயும் எல்லாமே கூடும்னு படிக்கிறவங்க எடுத்துக்க கூடாது. ஐசோபிரினலினும் சைக்ளிக் ஏஎம்பியை கூட்டும், புரோஸ்டகிளாண்டின் ஈ1ம் கூட்டும், ஆனா முதலாவது தான் இதயத்தோட பலத்தை கூட்டுது, ரெண்டாவது கூட்டறதில்ல. ஒரே செல், ஒரே தூதுவன். காரணம் சைக்ளிக் ஏஎம்பி செல் பூரா பரவறதுக்கு முன்னாடியே பாஸ்போடைஎஸ்டரேஸ்னு ஒரு என்சைம் அதை அங்கங்கயே வெட்டி போட்டுடுது. எந்த ரிசெப்டர் பக்கத்துல உருவாச்சோ அந்த மூலைல இருக்கிற சேனலுக்கு தான் சேதி கிடைக்கும். பைப்பட் அண்ணன் சொன்ன யோட்டியாவோ ஏன் பிகேஏவை சேனலோடயே கட்டி வச்சிருக்குன்னு இப்ப புரியுதா, சேதி தூரம் போகாது, அதனால கேக்கிறவன் வாசல்லயே உக்காந்திருக்கணும்.

அப்புறம் வென்ட்ரிக்கிள்ல அசிடைல்கோலினை மட்டும் தனியா விட்டா பெருசா ஒண்ணும் தெரியாது, கிர்க் அங்க கம்மி. அட்ரினலின் ஏற்கனவே ஏத்தி வச்சிருந்தா தான் அதை இறக்கி காட்டும். தூண்டல் இருந்தா தான் அடக்கறதுக்கு வேலை.

நீச்சல்_அப்பா:

நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல, தேடிட்டு வந்து இந்த இழைல விழுந்தேன். என் மகளுக்கு 11 வயசுல நீச்சல் குளத்துல நீந்திட்டு இருக்கும்போதே மயக்கம் வந்துச்சு, பக்கத்துல இருந்தவங்க தூக்கினதால பொழச்சா. முதல்ல பார்த்த இடத்துல வலிப்புன்னு சொல்லி ஒரு வருஷம் அதுக்கு மாத்திரை சாப்பிட்டா. ஈசிஜி எடுத்தாங்க, கிட்டத்தட்ட சரியா இருக்குன்னாங்க. மறுபடி ஓடும்போது விழுந்தப்புறம் தான் வேற டாக்டர் ஓட வச்சு ஈசிஜி எடுத்து, ஜீன் டெஸ்ட் பண்ணி, லாங் க்யூடி டைப் 1னு சொன்னாங்க. ரிப்போர்ட்ல இருக்கிற பேர் கேசிஎன்க்யூ1. மேல நீங்க எழுதினதுல அதே பேரை பார்த்ததும் கை நடுங்கிடுச்சு.

அந்த ஒரு வருஷத்தை நினைச்சா இன்னைக்கும் தூக்கம் வர்றதில்ல. இப்ப பீட்டா பிளாக்கர் சாப்பிடுறா, நல்லா இருக்கா. என் கேள்வி ரெண்டு. சும்மா எடுத்த ஈசிஜி ஏன் சரியா இருந்துச்சு? அட்ரினலினை தடுக்கிற மாத்திரை ஒரு பொட்டாசியம் சேனல் பிரச்சினைக்கு எப்படி உதவுது?

இரவு_டூட்டி:

அப்பா சார், நான் இதய ஐசியுல வேலை பாக்கிற டாக்டர். நீங்க கேட்ட ரெண்டுக்கும் ஒரே பதில் தான், அது இந்த இழைலயே இருக்கு.

ஓய்வா இருக்கும்போது ஐகேஎஸ்ஸுக்கு பெருசா வேலை இல்ல, துடிப்பை முடிச்சு வைக்க மத்த பொட்டாசியம் சேனல்களே போதும். அதனால அது பழுதா இருந்தாலும் சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜில க்யூடி ஓரளவு சரியாவே தெரியலாம். ஓடும்போது, நீந்தும்போது அட்ரினலின் வருது, கால்சியம் கரண்ட் கூடுது, அந்த நேரத்துல கூட வந்து தாங்கி பிடிக்க வேண்டிய ஐகேஎஸ் வரல. இழை ஆரம்பிச்ச தங்கச்சி போட்ட கணக்கு இருக்கே, கால்சியம் மட்டும் கூடினா நீளணும்ல அப்படின்னு, அது டைப் 1 இருக்கிறவங்க உடம்புல நிஜமாவே நடக்குது. சுருங்க வேண்டிய நேரத்துல சுருங்காம நீண்டு நிக்குது, அப்ப கால்சியம் சேனல் ரெண்டாவது தடவை திறந்து தேவையில்லாத ஒரு துடிப்பை கிளப்பி விடலாம், அதுலேர்ந்து தாறுமாறா ஓட ஆரம்பிக்கும். நீச்சல்ல வர்ற சம்பவங்கள் ரொம்ப பெரும்பாலும் டைப் 1 தான். டைப் 2ல அலாரம், போன் மணி மாதிரி திடீர் சத்தம் தூண்டும், அது வேற பொட்டாசியம் சேனல். பீட்டா பிளாக்கர் சேனலை ரிப்பேர் பண்ணல சார், அந்த சேனலை நம்பி இருக்க வேண்டிய நெலமையே வராம பாத்துக்குது. டைப் 1ல அது நல்லா வேலை செய்யும். ஒரு வேளை கூட தவறாம குடுங்க, எந்த புது மாத்திரைன்னாலும், ஆன்டிபயாடிக்கா இருந்தா கூட, க்யூடியை நீட்டுமான்னு உங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு குடுங்க. வீட்ல மத்தவங்களையும் டெஸ்ட் பண்ணிட்டீங்களா? பண்ணலைன்னா தள்ளி போடாதீங்க.

வலிப்புன்னு சொல்லி தவறவிடறது நிறைய நடக்குது. ஓடும்போதோ நீந்தும்போதோ ஒரு குழந்தை மயங்கி விழுந்தா க்யூடியை பாக்காம வீட்டுக்கு அனுப்ப கூடாதுன்னு நான் ஜூனியர்ஸ் கிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்றேன்.

வேகஸ் வழி சொன்ன கிர்க்கை நான் வாரம் ஒரு தடவையாச்சும் கண்ணால பாக்குறேன். துடிப்பு 190ல ஓடுற எஸ்விடி (வென்ட்ரிக்கிளுக்கு மேல இருந்து கிளம்பற அதிவேக துடிப்பு) பேஷண்டுக்கு அடினோசின் 6 மில்லிகிராம் வேகமா தள்ளி, பின்னாடியே சலைன் தள்ளுவோம். அதோட ஏ1 ரிசெப்டரும் அதே ஜிஐ, அதே கிர்க். மானிட்டர்ல ஓடிட்டு இருந்த கோடு சட்டுனு தட்டையாகும். மூணு செகண்ட், நாலு செகண்ட், ரூம்ல யாரும் பேச மாட்டாங்க, பேஷண்ட் நெஞ்சை யாரோ அமுக்கற மாதிரி இருக்குன்னு சொல்வாரு, முன்னாடியே சொல்லி வச்சிருந்தாலும் முகத்துல பயம் தெரியும். அப்புறம் ஒரு துடிப்பு, இன்னொண்ணு, 80ல நிதானமா ஓட ஆரம்பிக்கும். அந்த மருந்து ரத்தத்துல பாதியா குறைய 10 செகண்ட் கூட ஆகாது, அதனால தான் தைரியமா குடுக்க முடியுது.

நீச்சல்_அப்பா:

டாக்டர் தங்கச்சி, ரொம்ப நன்றிம்மா. சின்னவனுக்கு இன்னும் டெஸ்ட் பண்ணல, நாளைக்கே கேக்கறேன். ஒரு வருஷமா எனக்கு யாரும் இப்படி புரியற மாதிரி சொன்னதில்ல.

துடிப்பு_மலர்:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அப்பா, உங்க பொண்ணு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லாம விட்டுட்டேன், இப்ப தான் அது முக்கியம்னு தோணுது. இந்த கேள்வியே எனக்கு வந்தது போன வாரம் எங்க லேப்ல பார்த்ததால தான். ஐசோபிரினலின் விட்டோம், கால்சியம் கரண்ட் அழகா கூடிச்சு, பைப்பட் அண்ணா சொன்ன மாதிரியே குழி ஆழமாச்சு. ஆனா ஆக்‌ஷன் பொடென்ஷியல் ரெகார்ட் பண்ணா அது சுருங்கல, 10, 15 மில்லிசெகண்ட் நீண்டுச்சு. சொல்யூஷன் தப்புன்னு திட்டு வாங்கினேன், ரெண்டு தடவை புதுசா கலக்கி பண்ணேன், அதே தான். எங்க செல் பெரிய எலியோடது, ரூம் டெம்பரேச்சர்ல பண்றோம். இது காரணமா இருக்குமா?

பைப்பட்_காரன்:

இருக்கும் ம்மா, அதே தான் காரணம். உன் சொல்யூஷன்ல ஒரு தப்பும் இல்ல, நீ பார்த்தது சரியான ரிசல்ட்.

பெரிய எலியோட இதயம் நிமிஷத்துக்கு 300க்கு மேல துடிக்குது. அதோட ஆக்‌ஷன் பொடென்ஷியல் ஏற்கனவே குட்டை, மேடே இருக்காது, முக்கோணம் மாதிரி வந்து இறங்கிடும். அதை கீழ கொண்டாறது பெரும்பாலும் ஐடிஓன்னு சொல்ற வேகமான பொட்டாசியம் கரண்ட், ஐகேஎஸ் அதுல இருக்கு இல்லைன்னு சொல்ற அளவுக்கு கம்மி. அப்ப பிகேஏ வந்தா கால்சியம் பக்கம் கூடுது, எதிர்ப்பக்கம் கூட்டறதுக்கு ஆள் இல்ல. அதனால நீளுது. நீச்சல் அப்பாவோட பொண்ணுக்கு ஜீன்ல நடந்தது எலிக்கு பிறப்புலயே அமைப்பு, ஆனா அது அவ்ளோ குட்டையான ஆக்‌ஷன் பொடென்ஷியல்ங்கிறதால தாங்கிக்குது.

சூடு விஷயம் இன்னும் முக்கியம். 1989ல கினிப்பன்றி செல்லுல பண்ண வேலை ஒண்ணு இருக்கு, ரூம் டெம்பரேச்சர்ல பீட்டா தூண்டல் குடுத்தா கால்சியம் கரண்ட் வழக்கம் போல கூடுது, பொட்டாசியம் கரண்ட் கூடறதில்ல. உடம்பு சூட்டுக்கு ஏத்தினா தான் ரெண்டும் கூடுது. ஆக நீ எலியும் வச்சு குளிரவும் வச்சு ரெண்டு பக்கமும் ஐகேஎஸ்ஸை கழட்டி விட்டிருக்க.

கினிப்பன்றி செல் கிடைச்சா எடு, அதுல ஐகேஎஸ் நல்லா பெருசா இருக்கும். செல் கிடக்கிற திரவத்தை (பாத்) 36, 37 டிகிரிக்கு கொண்டு போ, செல் சீக்கிரம் சாகும், அதனால காலைல பிரிச்ச செல்லை அன்னைக்கு மதியத்துக்குள்ள பண்ணிடு. பைப்பட்ல ஏடிபி போட மறக்காத, உள்ள இருக்கிறது வெளிய கரைஞ்சு போய் கால்சியம் கரண்ட் அஞ்சு நிமிஷத்துல தேய ஆரம்பிச்சிடும், முடிஞ்சா ஆம்போடெரிசின் போட்டு துளை மட்டும் போடற முறைல பண்ணு, அதுல செல்லோட சொந்த சைக்ளிக் ஏஎம்பி உள்ளயே நிக்கும். மொதல்ல ஐசோபிரினலின் மட்டும் விடு, சுருங்குறதை பார். அப்புறம் அதே செல்லுல க்ரோமனால் 293பி விட்டு ஐகேஎஸ்ஸை அடைச்சிட்டு திரும்ப ஐசோபிரினலின் விடு, நீளும். ஒரே செல்லுல ரெண்டும் வந்துச்சுன்னா அந்த ரெண்டு கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பிரிண்ட் எடுத்து திட்டினவங்க மேஜைல வை.

எலில எடுத்த ரெகார்டிங்கை அழிச்சிடாத, அதுவும் வேணும். டிரேஸ் கிடைச்சதும் இங்க போடு, நான் பாக்குறேன்.

துடிப்பு_மலர்:

அண்ணா, ஹீட்டர் இருக்கான்னு இப்பவே போய் பாக்குறேன். கினிப்பன்றிக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், ஃபார்ம் நாளைக்கே எழுதறேன். அது வர்றதுக்குள்ள எலி செல்லையே 36ல வச்சு ஒரு தடவை பண்ணி பாக்கட்டுமா?

பைப்பட்_காரன்:

பண்ணு. அப்பவும் நீளும்னு தான் நான் நினைக்கிறேன், ஆனா பண்ணி பார்த்துட்டே எழுது.